மல்பார்: மலையாளியைக் குறிக்காத மலபார்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்குப் புதிதாக வரும் நம் ஊர்க்காரர்கள் 'மல்பார்' என்று காதில் விழுந்ததும், அட, இங்கே மலையாளிகள் இவ்வளவு பேரா என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. பிரெஞ்சிலிருந்து கிளைத்த கலப்பு மொழியான இங்குள்ள கிரெயோல் பேச்சில் மல்பார் என்றால் இந்திய இந்துக்களின் வழிவந்தவர், பெரும்பாலும் தமிழ் வழிவந்தவர். பெண் என்றால் 'மல்பரேஸ்'. குஜராத்தி முஸ்லிமுக்கு 'ஸராப்', பிரான்சிலிருந்து வந்த வெள்ளைக்காரருக்கு 'ஸொரேய்' என்று இந்தத் தீவில் ஆளுக்கொரு பெயர் உண்டு.

சொல்லின் முன்பாதி நம் மலைதான். பின்பாதி அரபு அல்லது பாரசீக வழி வந்தது, நிலம் அல்லது கரை என்று பொருள் என்பார்கள். மேற்குக் கரைக்கு வைத்த பெயரைப் போர்த்துகீசியர் தமிழின் மேலும் ஒட்டிவிட்டார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ்க் கிறித்தவ நூலான 'தம்பிரான் வணக்க'த்தின் முகப்பிலேயே மொழியின் பெயர் 'மலவார் தமுல்' என்றுதான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் இறங்கியதும் மலபார் ஆகிவிட்டார்கள்.

சரி, பல தலைமுறை கழிந்து, தமிழ்ப் பேச்சும் பெரும்பாலும் போய், பலர் ஞானஸ்நானப் பெயரும் வாங்கிய பின்பும் ஏன் இன்னும் மல்பார்? ஊர் ஏக்கம் என்று நாம் உருகிவிடுகிறோம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரெஞ்சு அரசின் கணக்கெடுப்பில் இனக் கணக்கே கிடையாது, ஆனால் தெருவில் எல்லோரும் எல்லோரையும் வழிவைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள், அதில் தனக்கென்று ஓர் இடம் வேண்டாமா? பாஞ்சாலி 'பாந்தியாலே' ஆகித் தீமிதியோடு நிற்கிறாள், நாடகம் 'நார்ல்கோன்' ஆயிற்று, முருங்கைக்கீரை 'ப்ரெத் முருங்க்'. இதெல்லாம் இந்தத் தீவின் சொத்து. அதே ஆள் சென்னையில் இறங்கினால் வெறும் பிரெஞ்சுக்காரர்.

பக்கத்து மொரீஷியஸில் கதையே வேறு. அங்கே மல்பார் என்பது பீகார் வழி இந்துக்களைச் சுட்டும், முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான். தமிழர் அங்கே தனிச் சமூகம்.

தமிழில் எப்படி எழுதுவது? 'மலபாரி' தப்பு. 'புலம்பெயர்ந்தோர்' என்பதும் ஒட்டாது, இவர்கள் பிறந்த மண்ணிலேயே இருப்பவர்கள். 'இந்திய வம்சாவளியினர்' என்றால் ஸராப்பும் உள்ளே வந்துவிடுவார். 'தமிழ் வழியினர்' பொருந்துகிறது. ஆனால் சைவ நெறி, தமிழ் வகுப்பு என்று திரும்பியவர்களில் சிலர் மல்பார் என்ற பெயரையே விட்டுவிட்டுத் தங்களைத் 'தமூல்' என்கிறார்கள், அவர்களைத் தமிழர் என்றே எழுதலாம்.