வெற்றோட்ட வேகம்: ‘செயலற்ற வேகம்’ ஏன் பிழை?

வாகனக் கையேடுகளின் தமிழாக்கத்தில், வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகமான ஐடில் ஸ்பீடு (idle speed) என்பதற்குச் ‘செயலற்ற வேகம்’ என்ற தொடரே திரும்பத் திரும்ப வருகிறது. செயலற்றதற்கு வேகம் ஏது?

ஆங்கிலத்தின் பழைய வழக்கில் ஐடில் என்பதற்கு வெறுமை என்பது முதன்மையான பொருள். சோம்பேறி என்னும் பொருள் பின்னால் வந்து ஒட்டியது. ஆகவே ‘வெற்றோட்டம்’ இயல்பாகவே பொருந்தும்: சக்கரத்துக்கு விசை தராமல் எஞ்சின் தானே சுழன்றுகொண்டிருக்கும் நிலை.

வண்டிதான் நிற்கிறதே, செயலற்றது என்றால் என்ன குறை என்று கேட்பவர்கள், அந்நேரத்தில் எஞ்சின் கணினி செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடும்போது, எரிப்புக்கான தீப்பொறி விநாடிக்கு 25 முறை விழுகிறது. ஏசி கம்ப்ரசர் திடீரென இணைந்தால் சுற்று சரியும். காற்று நுழையும் வழியின் அடைப்பிதழான திராட்டிலைச் சற்றுத் திறந்து கூடுதல் காற்றை விடலாம், ஆனால் அக்காற்று உள்ளிழுப்புக் குழாயை நிரப்பிச் சிலிண்டரை அடையத் தாமதமாகும். தீப்பொறிக்கு அத்தாமதம் இல்லை. அதனால்தான் மிகுந்த முறுக்குவிசை (சுழற்றும் விசை) தரும் சுழல்தண்டுக் கோணத்துக்குச் சில பாகைகள் பிந்தியே தீப்பொறியை விழச் செய்து, கணினி ஒரு விசைக் கையிருப்பைக் காத்துவருகிறது. சுற்று குறைந்தால் தீப்பொறியை முந்தச் செய்து அடுத்த எரிப்பிலேயே விசையைக் கூட்டுகிறது, மிகுந்தால் மேலும் பிந்தச் செய்து குறைக்கிறது. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால், சுற்று ஏறக்குறைய அசையாமல் நிற்க, சுழல்தண்டின் புல்லியிலுள்ள குறி முன்னும் பின்னும் ஆடுவது தெரியும். இதையா செயலின்மை என்பது?

‘சுமையற்ற வேகம்’ என்பாரும் உளர். முன்னதற்கு அது தேவலாம்; ஆயினும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரும் கம்ப்ரசரும் சுமைகளே, அச்சுமை மாறுவதால்தான் இந்தக் கட்டுப்பாடே வேண்டியிருக்கிறது.

எஞ்சின் ஓடுவதைக் கேளாமல் அகராதியை மட்டும் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே பயனருக்குத் தீங்கே செய்கிறார்கள். ‘செயலற்ற வேகக் கட்டுப்பாட்டைச் சரிபார்க்கவும்’ என்னும் வரியில் ‘செயலற்ற’ என்பது வேகத்தைத் தழுவுகிறதா, கட்டுப்பாட்டைத் தழுவுகிறதா? தமிழ் அறிந்தவர் எவரும் கட்டுப்பாடு பழுதாகிவிட்டது என்றே படிப்பார். நன்றாக இயங்கும் பாகத்தைக் கழற்றி மாற்றவும் கூடும்.