நேர்கோடு சரியாது, சாயும்

"மாமா, சரிவு கழித்தல் 2 என்றால் கோடு மேலேதானே போகணும்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்காள் மகள் கேட்டது இது. இரண்டாம் படிவம் படிக்கிறாள். டியூஷனில் கொடுத்த தமிழ்க் குறிப்புத் தாளில் 'கெச்செருனான்' (ஆங்கிலத்தில் 'கிரேடியன்ட்', நேர்கோடு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்ற அளவு) என்ற மலாய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் 'சரிவு' என்று அச்சடித்திருந்தார்கள். இதே சொல்லை எத்தனையோ தாள்களில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

பொருள் எளிது. கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்து, உயரம் மாறிய அளவைக் கிடையாக நகர்ந்த அளவால் வகுக்க வேண்டும். (1, 2), (3, 6) என்றால் 4-ஐ 2-ஆல் வகுத்து விடை 2. (0, 5), (2, 1) என்றால் கழித்தல் 2. கிடைக்கோட்டுக்கு 0. செங்குத்துக் கோட்டுக்கு விடையே இல்லை, 0-ஆல் வகுக்க முடியாதே. சமன்பாட்டை 'ஒய் = எம்எக்ஸ் + சி' என்று எழுதி வரையும்போது அந்த 'எம்' இதுதான்.

ஆங்கில 'கிரேடியன்ட்' லத்தீனின் 'கிராடுஸ்', அதாவது காலடி, படி என்பதோடு உறவுள்ளது. மலாய்ச் சொல்லின் வேர் 'செருன்', மலைச்சரிவு. அகராதியில் அதைப் பார்த்து அப்படியே 'சரிவு' என்று போட்டிருப்பார்கள் போல.

மலைக்குச் சரி, கோட்டுக்கு ஆகாது. மண் சரிந்தது, விலை சரிந்தது, தோளில் துண்டு சரிந்தது: எங்கே போட்டாலும் 'சரிதல்' கீழேதான் இறங்குகிறது. ஏறுகிற கோட்டுக்கு 'சரிவு 2' என்பது பொய். இறங்குகிற கோட்டுக்கு 'சரிவு கழித்தல் 2' என்றால், இறக்கத்தையும் கழித்தால் ஏற்றம்தானே? பிள்ளை தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். தவறு அவளுடையது அல்ல, தாளை எழுதியவருடையது.

'சாய்வு' அப்படியில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருப்பதும் அதுதான். மரம் சாய்ந்தாலும் விழுகிறதே என்பார்கள். விழட்டும். சாய்ந்தது என்றதும் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம் அல்லவா? சாய்வு அந்தக் கேள்வியைத் திறந்து வைக்கிறது, கூட்டல் கழித்தல் குறி பதில் சொல்கிறது. சரிவோ பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

இலங்கைப் பாடநூல்களில் 'படித்திறன்' என்பார்கள். படி என்ற கருத்து அழகுதான். ஆனால் இங்கே பிள்ளைகளுக்கு அது படிக்கும் திறமை என்றுதான் காதில் விழுகிறது. கொத்தனார் தரைக்கு வைக்கும் 'வாட்டம்' எனக்குப் பிடித்த சொல், ஆனாலும் அது தண்ணீர் ஓடும் பக்கத்தை மட்டுமே பார்க்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் பார்க்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு கணக்கையாவது போட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் அவளைப் பின்புறத்து ரப்பர் மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். அவள் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறி, வடியும் ரப்பர் பாலை மங்கு என்ற கிண்ணத்தில் பிடித்தவர். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும், கிடைக்கு ஏறக்குறைய 30 பாகை. கணக்குப் போட்டாள்: கழித்தல் 0.58.

"கோடு சாய்ந்திருக்கு, பால்தான் மாமா சரிஞ்சு மங்குக்குப் போகுது" என்றாள்.

தாளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'சாய்வு' என்று அவளே எழுதிக்கொண்டாள்.