கல்லீரல் கட்டியை அறுக்காமல் அறிதல்

கிருஷ்ணகிரி மண்டியில் பெங்களூரா மாங்காய் வாங்குவோர் அறிந்ததுதான்: கொட்டைக்குள் கூன்வண்டு இருந்தாலும் தோலில் ஒன்றும் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரல் கட்டி தென்பட்டால், கத்தி வைக்காமலே அதன் இயல்பைப் பெருமளவு சொல்லிவிடுகிறது எம்.ஆர்.ஐ.

நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை பம்பரம்போல் தலைசுற்றுகின்றன. ரேடியோ அலையால் அவற்றைத் தூண்டியபின் அவை எழுப்பும் சமிக்ஞையே படமாகிறது.

இரத்தநாளக் கட்டியான ஹீமாஞ்சியோமா ஒருவகைப் படத்தில் விளக்குபோல் ஒளிரும். அது புற்றாக மாறுவதில்லை. கவலைக்குரியது, கல்லீரல் செல்களிலிருந்தே எழும் அடினோமா என்னும் கட்டி. கருத்தடை மாத்திரையை நெடுங்காலம் உட்கொண்ட பெண்களிடமும், உடற்கட்டுக்காக அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட ஆண்களிடமும் அது தோன்றக்கூடும். அதிலும் பல வகைகள் உண்டு. கொழுப்பு நிறைந்த ஒரு வகை புற்றாக மாறுவது அரிது. கொழுப்பின் அணுக்கருக்கள் நீரினுடையவற்றைவிட நொடிக்குச் சுமார் 220 சுற்று பின்தங்குவதால், தூண்டியபின் 2.3 மில்லிநொடியில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்தக் கணத்தில் எடுத்த படத்தில் இக்கட்டி கறுத்துவிடும்.

செல் வளர்ச்சியைத் தூண்டும் பீட்டா-கேட்டனின் என்னும் புரதத்தின் மரபணு பிறழ்ந்த அடினோமா வகைதான் புற்றாக மாறும் வாய்ப்பு மிகுந்தது, ஏமாற்றுவதும் அதுவே. கல்லீரல் செல்கள் உள்வாங்கும், படத்தைத் துலக்கும் கடோலினிய மருந்தை இரத்தக்குழாயில் செலுத்தி 20 நிமிடம் கழித்துப் பார்த்தால், முடிச்சுத் திசுவளர்ச்சி என்னும் வேறொரு தீங்கற்ற கட்டி அம்மருந்தைப் பிடித்துவைத்து வெளுத்துத் தெரியும். பெரும்பாலான அடினோமாக்கள் கறுத்திருக்கும். ஆனால் பீட்டா-கேட்டனின் பிறழ்வு, மருந்தை உள்ளிழுக்கும் அதே வாயிலைத் திறந்துவிடுவதால், ஆபத்தான இக்கட்டியும் வெளுத்து நின்று சாதுவாகத் தோன்றலாம். வெளுப்பை மட்டும் கண்டு நிம்மதி அடைவது தவறு என்பது என் கருத்து. ஐயம் நீடித்தால் திசுவெடுத்துச் சோதிப்பதே முறை.

ஆண்களிடம் அடினோமா எந்த அளவில் இருந்தாலும் அகற்றவே ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. பெண்களுக்கு முதலில் மாத்திரையை நிறுத்தி, 6 மாதம் கழித்து மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், 5 செ.மீ. அல்லது அதற்கு மேலிருந்தாலோ, விட்டம் 20 சதவீதம் வளர்ந்திருந்தாலோ அறுவை சிகிச்சை பேசப்படும். அந்த வளர்ச்சியை அளக்க முந்தைய படம் கையில் இருக்கவேண்டும். தருமபுரியிலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்பவர்கள், அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, படங்கள் அடங்கிய சிடியை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுச் செல்லக் கூடாது.