சோன் கீ-சுங் படத்தைப் பகிரும் முன்: தொங்-ஆ இல்போ பற்றிச் சில திருத்தங்கள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அந்தப் படம் மறுபடி கிளம்பிவிடும். 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற கொரிய வீரர் சோன் கீ-சுங்கின் படம். கீழே ஒரு வாசகம்: "இவர் மார்பிலிருந்த ஜப்பான் கொடியை அழித்து அச்சிட்டதற்காகத் தொங்-ஆ இல்போவை நிரந்தரமாக மூடினார்கள்." கொரியா அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்தது; தொங்-ஆ இல்போ ஒரு கொரிய மொழி நாளிதழ். சரிபார்க்கச் சொல்லி எங்கள் மேசைக்கு இது வருவதும், திருத்தம் எழுதி அனுப்புவதும், அடுத்த ஆண்டு அதே வாசகம் திரும்பி வருவதும் வாடிக்கையாகிவிட்டது. ஒரே இடத்தில் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் படம். பெரும்பாலும் சுற்றுவது பரிசு மேடைப் படம். அதில் சோன் கையிலுள்ள ஓக் கன்றுதான் மார்பை மறைக்கிறது. யாரும் எதையும் அழிக்கவில்லை. தொங்-ஆ இல்போ ஆகஸ்ட் 25 தேதியிட்ட இதழில் போட்ட படம் சொரசொரப்பான அச்சு. தலையில் இலை மகுடம், கையில் கன்று, மார்பில் கொடி இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான திட்டு. ஓவியர் லீ சாங்-போம் மூலப் படத்தில் கைவைத்தார். விளையாட்டுச் செய்தியாளர் லீ கில்-யோங் உட்படப் பலர் கைதானார்கள். மேடைப் படத்தைப் போட்டு இந்தக் கதையைச் சொன்னால், சொல்வது சரியாக இருந்தாலும் காட்டுவது தப்பு.

அடுத்து, "மூடினார்கள்" என்ற பேச்சு. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். 1936 ஆகஸ்ட் 29 முதல் பத்திரிகைக்குக் காலவரையற்ற தடை. 1937 ஜூன் தொடக்கத்தில் தடை நீங்கியது, பத்திரிகை மறுபடி வந்தது. தொங்-ஆவுக்கு அது நான்காவது காலவரையற்ற தடை. 1920, 1926, 1930 ஆண்டுகளிலும் விழுந்திருக்கிறது. பத்திரிகையை ஒரேயடியாக நிறுத்த வைத்தது 1940 ஆகஸ்ட் 10-ல். அதே நாளில் இன்னொரு கொரிய நாளிதழான சோசன் இல்போவும் நின்றது. போர்க்காலத்தில் கொரிய மொழி நாளிதழ்களையே ஒழித்துக்கட்டிய நடவடிக்கை அது. 1936 படத்துக்கான தண்டனை அல்ல. இரண்டுக்கும் நடுவே நான்கு ஆண்டு இடைவெளி. 1945 டிசம்பர் 1-ல் தொங்-ஆ திரும்பி வந்தது, இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் படத்தின் பின்விளைவில் நிஜமாகவே உயிர்விட்ட பத்திரிகை ஒன்று உண்டு: யோ உன்-ஹ்யோங் தலைமையில் நடந்த சோசன் ஜுங்காங் இல்போ. ஆகஸ்ட் 13-லேயே கொடி தெரியாத படத்தைப் போட்டது. அச்சு அவ்வளவு மோசம். தணிக்கையாளர் கண்ணில் படவில்லை. தொங்-ஆ விவகாரம் வெடித்த பிறகுதான் பழைய இதழைத் தோண்டினார்கள். செப்டம்பரில் தானாகவே வெளியீட்டை நிறுத்தியது, மீளவே இல்லை. இதை 1965-ல் தொடங்கிய ஜுங்காங் இல்போவோடு குழப்பாதீர்கள், சோசன் இல்போவோடும் குழப்பாதீர்கள். மூன்றும் வேறு வேறு பத்திரிகைகள்.

"பழைய பேப்பரிலேயே இருக்கிறது, வேறென்ன ஆதாரம் வேண்டும்?" என்பவர்கள் 1945 டிசம்பர் 27 முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கொரியாவுக்கு அமெரிக்கா உடனடி விடுதலை கேட்கிறது, சோவியத்துதான் அறங்காவல் ஆட்சி (விடுதலைக்கு முன் வெளிநாடுகள் சில காலம் பொறுப்பேற்று நடத்தும் ஆட்சி) கேட்கிறது என்று தொங்-ஆ போட்டது. அறங்காவல் யோசனையே அமெரிக்காவிடமிருந்து வந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் வெளியுறவு அமைச்சர்கள் கூடிய மாஸ்கோ மாநாட்டின் அறிக்கை வெளிவரும் முன்பே அச்சேறிய செய்தி அது. வேறு பத்திரிகைகளும் போட்டன. கொரியாவில் வலதுசாரிகளுக்கும் இடதுசாரிகளுக்கும் இடையே இருந்த பிளவு அதன் பிறகு இன்னும் ஆழமானது. அசல் இதழ், அசல் தேதி, தப்பான செய்தி.

தொங்-ஆவின் 1974-75 போராட்டக் கதையையும் பாதி பாதியாகவே பகிர்கிறார்கள். 1974 அக்டோபர் 24-ல் அதன் செய்தியாளர்கள் பத்திரிகைச் சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டார்கள். விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களை விலக வைத்தது உளவுத்துறை என்பதை அரசின் உண்மை ஆணையமே 2008-ல் உறுதிப்படுத்தியது. டிசம்பர் 26 இதழில் விளம்பரக் கட்டங்கள் வெள்ளையாக வந்தன, பிறகு வாசகர்கள் சொந்தக் காசில் சின்னச் சின்ன ஆதரவு விளம்பரங்களால் அவற்றை நிரப்பினார்கள். இதுவரை எல்லாரும் சொல்கிறார்கள். 1975 மார்ச் 17 விடியலில் போராடிய செய்தியாளர்களை அலுவலகத்திலிருந்து இழுத்து வெளியேற்றினார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள், நிர்வாகம் அவர்களைக் கைவிட்டது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வெள்ளைக் கட்டங்களுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

பகிரும் முன் செய்ய வேண்டியது: பத்திரிகையின் தலைப்புப் பட்டை, தேதி, பக்க எண் மூன்றும் தெரியாத துணுக்கை நம்பாதீர்கள். கொரிய இணையதளமான நேவரின் செய்தி நூலகத்தில் தொங்-ஆவின் 1920 முதல் 1999 வரையான பக்கங்கள் இலவசம். சொல்லைத் தட்டித் தேடாமல் தேதியைப் போட்டுப் போங்கள். சீன எழுத்து கலந்த செங்குத்து வரிகளைக் கணினி தப்பாக வாசித்திருக்கும். காலனியக் கால மாலைப் பதிப்புக்கு மறுநாள் தேதி போடுவது வழக்கம், ஆகவே ஒரு நாள் முன்பின்னாகவும் பாருங்கள். பத்தி நடுவே எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கியதுபோல் கறுப்புக் கட்டங்கள் தெரிந்தால் ஸ்கேன் கோளாறு என்று வெட்டி எறியாதீர்கள். தணிக்கையில் சிதைக்கப்பட்ட வரிகள் அவை. அந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.