டிஃபென்ஸ்: தற்காப்பு இல்ல, திண்மை

போன ஞாயித்துக்கெழம கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுல உக்காந்திருந்தப்ப சித்தி பையன் அவன் ஆடுற சண்ட கேமோட ஃபோன நீட்டுனான். "ண்ணா, இருந்த கோல்டெல்லாம் கவசத்துல கொட்டி டிஃபென்ஸ 100லேருந்து 200 ஆக்கிட்டேன், அடி பாதியா கொறையலையே, கேம் ஏமாத்துதா?"

ஏமாத்தல, டிஃபென்ஸ்னு கேம்ல நம்ம ஆளுக்கு ஒரு எண் குடுத்திருக்காங்களே, அந்தச் சொல்லுக்குள்ள என்ன கணக்கு ஓடுதுன்னு யாரும் அவனுக்குச் சொல்லல, அவ்ளோதான்.

டிஃபென்ஸ் லத்தீன் டெஃபெண்டெரேலேருந்து வந்தது, விலக்கித் தள்ளுறதுன்னு அர்த்தம், பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. புதுச்சேரில பிரெஞ்சு படிச்சவங்களுக்குத் தெரியும், டெஃபான்ஸ்னா அங்க தடைன்னும் அர்த்தம். ஆனா ஒரு அடிய விலக்க ரெண்டு வழி இருக்கு, மேல படாமலே தப்பிக்கலாம், இல்ல பட்டாலும் உள்ள எறங்காம தாங்கலாம். 1974ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்குற, மேசைய சுத்தி உக்காந்து பகடை உருட்டி ஆடுற விளையாட்டுல ஆர்மர் கிளாஸ்னு ஒரு எண் உண்டு, அத உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரான டேவ் ஆர்னஸன் இரும்புக் கப்பல் சண்ட விளையாட்டு விதிலேருந்து எடுத்தது, அது அடி விழுமா விழாதான்னு மட்டும்தான் சொல்லும், விழுந்த அடிய கொறைக்காது. இப்ப ஆன்லைன் ஆர்பிஜில, அதாவது ஒரு கதாபாத்திரமா மாறி ஆடுற கேம்ல, நாம பாக்குற டிஃபென்ஸ் பெரும்பாலும் நேர் எதிர், அடி விழுந்துரும், எவ்ளோ எறங்கும்னு அது சொல்லும்.

அதுலயும் ரெண்டு கணக்கு. ஒண்ணு சும்மா கழித்தல், எதிரி அடிக்கிற வலு, அதாவது அட்டாக், 200, நம்ம டிஃபென்ஸ் 150னா எறங்குற அடி, அதாவது டேமேஜ், 50, டிஃபென்ஸும் 200 ஆனா ஒண்ணுமே எறங்காது, அதனாலதான் பல கேம்ல கொறஞ்சபட்சம் 1 எறங்கும்னு வச்சிருப்பாங்க. இன்னொண்ணு விகிதம். அட்டாக்க 100ஆல பெருக்கி, 100கூட டிஃபென்ஸ கூட்டி வர்ற எண்ணால வகுக்கணும். தம்பி ஆடுறது இது. எதிரி அட்டாக் 200, டிஃபென்ஸ் 0ன்னா 200 எறங்கும், 100ன்னா 100, 200ன்னா கிட்டத்தட்ட 67. போகப்போக பலன் கொறையுதுன்னு தோணும், ஆனா 1000 ஹெச்.பி., அதாவது உயிர்ப் புள்ளி, வச்சு எத்தன அடி தாங்குறான்னு எண்ணிப் பாருங்க: 5, 10, 15. ஒவ்வொரு 100க்கும் சரியா அஞ்சு அடி கூடுது, கொட்டுன கோல்டு வீணே போகல!

இப்ப இந்த எண்ணுக்குத் தமிழ்ப் பேரு. தற்காப்புன்னு எழுதுறாங்க, அது நாம செய்ற செயல், கராத்தே கிளாஸ் போர்டுல இருக்க வேண்டிய சொல்லு. பாதுகாப்பு ரொம்ப அகலம், பேங்க் லாக்கருக்கும் அதேதான். கவசம் மாட்டுற பொருளோட பேரு, எண்ணோட பேரு இல்ல. எனக்குக் கெடச்ச சொல்லு குறள்ல அரண் அதிகாரத்துல இருக்கு, 743வது குறள்: "உயர்வகலம் திண்மை அருமைஇந் நான்கின் அமைவரண் என்றுரைக்கும் நூல்". கேம்ல ஆளுக்குக் குடுக்குற எண்ண ஸ்டாட்னுவாங்க, அது மாதிரி ஒரு கோட்டைக்கு நாலு ஸ்டாட் எழுதி வச்சிருக்காரு பாருங்க! உயர்வும் அகலமும் அளவு, அத விடுங்க. திண்மைன்னா இடிச்சாலும் ஒடையாத கெட்டி, அருமைன்னா கிட்டவே நெருங்க முடியாத தன்ம. நாம ஆடுற டிஃபென்ஸுக்கு திண்மை, தப்பிக்கிற டாட்ஜுக்கு அருமை, ஆர்மர் கிளாஸ் கவசத்தோட கெட்டியையும் தப்பிக்கிறதையும் அடி விழுமான்னு சொல்ற ஒரே எண்ணுல போட்டு கொழப்புனது.

அட்டாக்குக்கு தாக்குதல்னா அதுவும் செயல்தான், எண்ணுக்கு தாக்கு வலுன்னு சொன்னா போதும், எறங்குன அடிக்கு சேதம். ரேஞ்சுக்கு வீச்சு, இதுக்கு எங்க கடலூர்க்காரங்களுக்கு விளக்கமே வேணாம், 1690ல இங்கிலீஷ்காரன் இதே தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்குனப்ப பீரங்கி சுட்டு குண்டு போய் விழுந்த தூரம் வர அவனுக்குன்னு பேசுன ஊரு இது, குண்டு கிராமம்ங்குற பேரு அப்படி வந்ததுதான்.

எல்லாத்தையும் மணல்ல எழுதிக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப திண்மை போதும், பூட்ஸ மாத்தி அருமைய ஏத்தட்டுமா ண்ணா"ன்னான்.