"எனக்கு ஒண்ணும் வராது டீச்சர்"

தாராவியில் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். என் அறைக்குள் வந்து உட்காரும் பிள்ளைகள் பலரும் முதலில் சொல்வது இந்தத் தலைப்பில் இருப்பதைத்தான்.

எட்டாவது படிக்கும் ஒரு பையனும் அதைத்தான் சொன்னான். கணக்கில் ஃபெயில். கூட வந்த அம்மா, திருநெல்வேலிப் பக்கம், "ஒண்ணுக்கும் லாயக்கில்ல டீச்சர், இவன் தம்பி எம்புட்டு நல்லா படிக்கான்" என்று அவன் காதுபடவே சொல்ல, அவன் தலையைக் குனிந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"உனக்கு என்ன திறமை இருக்கு?" என்று நான் கேட்பதில்லை. திறமை என்றாலே மேடை, பாட்டு, கோப்பை என்று பிள்ளைகள் நினைத்திருப்பதால் வாயடைத்துப் போவார்கள். "நேத்து எழுந்ததுலேருந்து என்ன செஞ்சே, சொல்லு" என்றேன். அப்பாவுக்கு இட்லி வியாபாரம். விடியுமுன் எழுந்து இவன்தான் சட்னி, சாம்பாரைப் பையில் கட்டுகிறான். யார் எத்தனை இட்லி கடனுக்கு வாங்கினார்கள் என்பது நோட்டே இல்லாமல் மாதக் கடைசி வரை இவன் தலையில் நிற்கிறது. மழை வலுத்தால் மறுநாள் மாவை எவ்வளவு குறைக்கலாம் என்று அப்பா இவனிடம் கேட்கிறார். போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மராட்டியில் கேட்டதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லி, பாட்டி சொன்னதைத் திரும்ப மராட்டியில் சொல்லியிருக்கிறான்.

அவன் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி அவன் பக்கம் திருப்பினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கணக்குல சேருமா டீச்சர்?" என்றான். சேரும்!

இந்த இடத்தில் நாம் செய்கிற தவறு, உடனே "நீ ரொம்பப் புத்திசாலிடா" என்று சொல்லிவிடுவது. 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், கடினமான புதிர்களில் தோற்றதும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். "நான் அன்புக்குரியவன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் அப்படித்தான், ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு அது மனநிலையை இன்னும் கெடுக்கலாம் என்று 2009இல் உளவியலாளர் ஜோஆன் வுட் குழு கண்டது. மனசுதான் உள்ளே "பொய்" என்கிறதே. அதனால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "பாட்டி பயந்தப்ப நீ கையைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா சொன்னே." இதை எந்தப் பிள்ளையாலும் மறுக்க முடியாது.

அம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். ஒன்று, தம்பியோடு ஒப்பிடும் பேச்சை நிறுத்துவது. இன்னொன்று தூக்கம். பையனின் பொறுப்பை நான் மெச்சுகிறேன், அதற்காக அரைத்தூக்கத்தில் வகுப்புக்கு வருவதை ஏற்க முடியாது. பரீட்சை மாதங்களில் காலை வேலை வேண்டாம் என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

"நான் இருந்தே பிரயோஜனமில்லை" என்கிற மாதிரி பிள்ளை பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம்.

பையனிடம் ஒரு நோட்டு கொடுத்து, தினமும் செய்த ஒன்றை எழுதச் சொன்னேன். கணக்கில் இன்னும் தேறவில்லை, போன வெள்ளிக்கிழமை இப்படி எழுதியிருந்தான்: "பின்னம் நாலு போட்டேன். ரெண்டு தப்பு. எங்க தப்புன்னு நானே கண்டுபிடிச்சேன்."