கடனுக்குக் கொடுத்த போனும் 'நெசசரீஸ்' என்ற சொல்லும்

"இந்தக் காலத்துல போன் அத்தியாவசியம் இல்லையா சார்?" என்று கேட்டார் என் வக்கீல் ஆபீசுக்கு வந்த செல்போன் கடைக்காரர். 17 வயதுக் கல்லூரிப் பையனுக்கு 40 ஆயிரம் ரூபாய் போனைக் கடனுக்குக் கொடுத்துப் புரோநோட்டும் எழுதி வாங்கியிருந்தார்.

நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். மைனர், அதாவது 18 வயது நிரம்பாதவர், போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. மிச்சமிருப்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 68வது பிரிவு. மைனருக்கோ, மனநலம் குன்றியவருக்கோ, அவர்கள் காப்பாற்ற வேண்டியவர்களுக்கோ வாழ்க்கை நிலைக்கு ஏற்ற 'நெசசரீஸ்' (வாழத் தேவையானவை) கொடுத்தவர், மைனரின் அல்லது மனநலம் குன்றியவரின் சொத்திலிருந்து ஈடு பெறலாம் என்கிறது அது.

இந்தச் சொல்லையும் தமிழில் அத்தியாவசியம் என்றே எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் உரம், விதை, மருந்து என்று பட்டியலே உண்டு. வாங்குகிறவர் யார் என்ற பேச்சே இல்லை. நெசசரீஸுக்குப் பட்டியல் கிடையாது. அது ஆளைப் பார்க்கும். வசதியான வீட்டுப் பையனுக்குப் பொருந்துவது கூலிக்காரர் மகனுக்குப் பொருந்தாது. (நியாயமா என்று கேட்டால், எனக்கும் அது உறுத்தல்தான்.)

நிலைக்கு ஏற்றதாக இருந்தால் மட்டும் போதாது, அப்போது தேவையும் இருந்திருக்க வேண்டும். 1908-இல் இங்கிலாந்தில் நடந்த நாஷ் - இன்மன் வழக்கு இதற்குச் சரியான சாட்சி. கேம்பிரிட்ஜில் படித்த மைனர் மாணவனுக்கு லண்டன் தையல்காரர் துணிமணிகள் தைத்துக் கொடுத்தார். அதில் 11 ஆடம்பர வெயிஸ்ட்கோட்டுகளும் உண்டு. பையனிடம் ஏற்கெனவே போதுமான உடுப்பு இருந்ததைத் தந்தை நிரூபித்தார். தையல்காரருக்குப் பணம் கிடைக்கவில்லை. தேவை இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு விற்றவருடையது.

"பையன்கிட்ட வேற போன் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பழசு ஒண்ணு வச்சிருந்தான்."

"அவன் பேர்ல சொத்து?"

இல்லை. அப்பா மேல் போடலாமா என்றார். அப்பா வாங்கச் சொல்லியிருந்தால் பேச்சே வேறு. மகன் தானாக வாங்கியதற்கு 68வது பிரிவு அப்பாவைத் தொடாது. எழுந்து போய்விட்டார்.

இன்னொரு தடவை மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் வந்தார். பெற்றோரை இழந்த பையன், அவன் பேரில் கொஞ்சம் நிலம். 8 மாதம் சாப்பிட்டிருக்கிறான். பார்த்துக்கொள்ளும் மாமா காசு தர மறுக்கிறார். அக்கா கொண்டுவந்த நீள நோட்டில் காலை இட்லி முதல் ராத்திரி தோசை வரை நாள்வாரியாக இருந்தது. அதுதான் வழக்கின் உயிர். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களுக்கு விருந்து என்று 12 பிரியாணி. அந்த வரியை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு நோட்டீஸ் தயாரித்தேன்.